பண்பாட்டு ஒலிபரப்பு: ரேடியோவில் ஒரு சாயங்காலத்தை முழுசாகக் கேட்பது எப்படி?

ரேடியோ என்றதும் இன்றைக்குப் பலருக்கு நினைவுக்கு வருவது காரிலோ டீக்கடையிலோ ஓடும் சினிமாப் பாட்டும், பாட்டுக்குப் பாட்டு நடுவே மூச்சுவிடாமல் பேசும் ஆர்.ஜே.யும்தான். அதே பெட்டியில் இன்னொரு வகை ஒலிபரப்பும் இருக்கிறது. அதில் ஒருவர் ஒரே ராகத்தைப் பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று நிதானமாக, பாட்டு வரிகள் இல்லாமல் விரித்துப் பாடுவார்; ஆலாபனை என்பார்கள். கம்பனின் ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு தமிழாசிரியர் ஒருவர் பத்து நிமிடம் பேசுவார். அரை மணி நேர நாடகம் நடுவில் ஒரு விளம்பரம்கூட இல்லாமல் போகும். இதைத்தான் பண்பாட்டு ஒலிபரப்பு என்கிறார்கள். கேட்டுப் பழகாதவர்களுக்கு இது படித்தவர்கள், பெரிய மனிதர்கள் சமாச்சாரம் என்று தோன்றும். திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்தவன் என்ற முறையில், அது எல்லோருக்குமானது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். எங்கள் பக்கத்தில் இந்த ஒலிபரப்பு நெல்லு விலைக்கும் மழைச் செய்திக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது. அது எப்படி வந்தது, உள்ளே என்ன இருக்கிறது, புதிதாகக் கேட்கிறவர் எங்கே தொடங்கலாம் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். பாட்டோ பேச்சோ கடினமாக இருந்தால் அது பண்பாட்டு ஒலிபரப்பு ஆகிவிடாது. அதன் அடையாளம், ஒரு படைப்புக்கு அது கேட்கிற நேரத்தைக் கொடுப்பது. கச்சேரி தொடக்கத்தில் பாடும் வர்ணத்துக்கு ஐந்து நிமிடம் வேண்டும் என்றால் ஐந்து நிமிடம், ஒரே ராகத்தை விரிவாகப் பாடும் ராகம் தானம் பல்லவிக்கு ஐம்பது நிமிடம் என்றால் ஐம்பது நிமிடம். கேட்கிறவர் எண்ணிக்கையைப் பார்த்து வெட்டுவது இல்லை. அதனாலேயே இது பெரும்பாலும் பொதுப்பணத்தில் நடக்கிற நிலையங்களில்தான் பிழைக்கிறது. ஒரு நிமிடத்துக்கு இத்தனை ரூபாய் என்று விளம்பரம் விற்கிற நிலையம் ஒரு ஆலாபனைக்குக் கால் மணி நேரம் ஒதுக்காது. அதைக் குறை சொல்லியும் பயனில்லை. அது வேறு தொழில்.

உலகத்தில் இதற்கென்றே தனி அலைவரிசை வைத்தவர்களில் மிகப் பெயர் பெற்றது இங்கிலாந்தின் பி.பி.சி. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருடம், 1946 செப்டம்பர் 29 அன்று, 'மூன்றாவது நிகழ்ச்சி' என்ற பெயரில் ஒரு சேவையைத் தொடங்கினார்கள். மாலை 6 மணிக்குத் தொடங்கி நள்ளிரவில் முடியும். கச்சேரி, கவிதை, நாடகம், தத்துவப் பேச்சு எல்லாம் அதில் உண்டு. எந்த நிகழ்ச்சியும் நேரத்துக்காகக் குறுக்கப்படாது. அப்போது பி.பி.சி.யின் தலைமை இயக்குநராக இருந்த வில்லியம் ஹேலி மனதில் ஒரு கோபுரம் இருந்தது. அடித்தளத்தில் லேசான பாட்டும் வேடிக்கையும் தரும் சேவை, நடுவில் பொதுச் சேவை, உச்சியில் இந்த மூன்றாவது. நேயர்கள் காலப்போக்கில் கீழேயிருந்து மேலே ஏறி வருவார்கள் என்று அவர் நம்பினார். நினைத்த அளவுக்கு ஆட்கள் ஏறவில்லை. கேட்டவர்கள் சிறு கூட்டம்தான், ஆனால் பிடிவாதமான கூட்டம். 1957-இல் அதன் நேரத்தைக் குறைத்தபோது கவிஞர் டி.எஸ். எலியட் போன்றவர்கள் பகிரங்கமாக எதிர்த்தார்கள். 1967-இல் 'ரேடியோ 3' வந்தது. மூன்றாவது நிகழ்ச்சி அதற்குள் கரைந்துபோயிற்று.

அந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் இருந்ததாக எனக்குப் படுகிறது. நல்லதையெல்லாம் தனி அறையில் வைத்துப் பூட்டிவிட்டால், அந்த அறை இருப்பது தெரிந்தவர் மட்டுமே கதவைத் தட்டுவார். நம் ஊர் நிலையங்களில் நடந்தது வேறு. இங்கே தனி அறை கிடையாது. ஒரே அலைவரிசை, ஒரே சாயங்காலம், எல்லாம் அதற்குள்தான்.

இந்தியாவில் 1936-இல் 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயர் வந்தது. 1938-இல் சென்னை நிலையம், 1939-இல் திருச்சி நிலையம். திருநெல்வேலிக்கு 1963 டிசம்பரில்தான் நிலையம் கிடைத்தது, பாளையங்கோட்டையில். அதற்கு முன்பு இந்தப் பக்கத்து ஆட்கள் திருச்சியைக் கேட்டார்கள், மலையைத் தாண்டி வந்த திருவனந்தபுரத்தைக் கேட்டார்கள், கடலைத் தாண்டி வந்த கொழும்பைக் கேட்டார்கள். அதிலும் கொழும்பை ரொம்பவே கேட்டார்கள். அதற்கு ஒரு காரணம் டில்லியில் இருந்தது.

1952-இலிருந்து 1962 வரை செய்தி, ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்தவர் பி.வி. கேஸ்கர். சாஸ்திரிய சங்கீதம் அழிந்துவிடக்கூடாது, அதைக் காப்பாற்ற வேண்டிய இடம் வானொலிதான் என்பதில் அவர் தீர்மானமாக இருந்தார். 1952-இல் சங்கீதத்துக்கான தேசிய நிகழ்ச்சி தொடங்கியது. பல்லாண்டு காலம் சனிக்கிழமை இரவு ஒன்றரை மணி நேரம் ஒரே வித்வானின் கச்சேரியை எல்லா நிலையங்களும் அஞ்சல் செய்தன, அதாவது வாங்கி அப்படியே ஒலிபரப்பின. காரைக்குடியிலோ களக்காட்டிலோ உட்கார்ந்து ஒரு இந்துஸ்தானி உஸ்தாதைக் கேட்கும் வாய்ப்பு அப்போதுதான் நம்மவர்களுக்கு வந்தது. அந்த அளவில் கேஸ்கர் செய்தது பெரிய காரியம். ஆனால் அதே கையால் சினிமாப் பாட்டை வானொலியிலிருந்து ஏறக்குறைய விரட்டினார். பாட்டு வேண்டியவர்கள் சும்மா இருப்பார்களா? ரேடியோ முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். மன்னார் வளைகுடாவுக்கு இந்தப் பக்கம் இருக்கிற தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரிப் பக்கமெல்லாம் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் மாதிரி கணீரென்று கேட்கும். கடைசியில் 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கி, சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. பிடித்ததைப் பறித்துக்கொண்டு உயர்ந்ததைக் கேள் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். பிடித்ததுக்குப் பக்கத்தில் உயர்ந்ததை வைத்தால் கேட்பார்கள். திருநெல்வேலி நிலையத்தின் பழைய சாயங்காலங்களில் நான் கண்டது அதைத்தான்.

அந்தச் சாயங்காலம் எப்படிப் போகும்? பொழுது சாய்கிற நேரத்தில் விவசாயிகளுக்கான நிகழ்ச்சி. பஞ்சாயத்து ரேடியோ இருந்த ஊர்களில் அது கம்பத்தில் கட்டிய குழாய் வழியாகத் தெரு முழுவதும் கேட்கும். பின்னாளில் 'இன்று ஒரு தகவல்' மூலம் தமிழ்நாடெங்கும் அறியப்பட்ட தென்கச்சி கோ. சுவாமிநாதன் சென்னைக்குப் போகும் முன்பு வேலை பார்த்தது திருநெல்வேலி நிலையத்தில்தான். பூச்சிமருந்து பற்றிப் பேசினாலும் கதை சொல்கிற மாதிரி பேசுகிற ஒரு பாணி அந்த நிகழ்ச்சிகளில் உண்டு. அது முடிந்து செய்தி. செய்தி முடிந்து கிராமிய இசை அல்லது மெல்லிசை. பிறகு இலக்கிய உரை. அதற்குப் பிறகு, ஊர் சாப்பிட்டுவிட்டுத் திண்ணைக்கு வருகிற நேரத்தில், கச்சேரியோ நாடகமோ. சில நாள் வரிசை மாறும். ஆனால் எல்லாம் ஒரே ஓட்டத்தில் வரும். கேட்கிறவர் செய்திக்காகத் திறந்த பெட்டியை மூட மறந்து, கல்யாணி ராகத்தில் போய் நிற்பார்.

எங்கள் பெரியப்பா அப்படி நின்றவர்தான். வயக்காட்டு ஆள், சங்கீதம் படித்தவர் இல்லை. ஆலாபனை தொடங்கியதும் நாங்கள் ஓடிப்போய் நிலையத்தை மாற்றப் பார்ப்போம். "ஏல, கைய எடு. அவன் இப்பதான வாயத் திறந்திருக்கான். என்ன சொல்லுதான்னு கேப்பம்" என்பார். ராகத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் பெயர் சொல்லும்போது தலையை ஆட்டிக்கொள்வார். நாலைந்து வருடத்தில் பெயர் சொல்வதற்கு முன்பே சில ராகங்களை அவரே சொல்ல ஆரம்பித்தார். வானொலி அவருக்குக் கற்றுக்கொடுத்த விதம் இது: பாட்டு, பெயர், மறுபடி பாட்டு, மறுபடி பெயர்.

அந்த அறிவிப்பைக் கொஞ்சம் உற்றுக் கேட்க வேண்டும். "அடுத்து வருவது தியாகராஜர் கிருதி, ராகம் கரகரப்பிரியா, தாளம் ஆதி" என்று ஒரே மூச்சில் மூன்று சாவிகளைக் கொடுத்துவிடுவார்கள். புதிதாகக் கேட்கிறவருக்கு மூன்றும் ஒரே நாளில் வேண்டாம். தாளத்தில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் அது கைக்கு வரும். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. வலது கையைத் தொடையில் ஒரு தட்டு தட்டுங்கள். பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல் என்று மூன்றையும் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். நாலு ஆயிற்று. இனி ஒரு தட்டு, உள்ளங்கையைத் திருப்பி ஒரு வீச்சு. மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. எட்டு முடிந்தது. பாட்டோடு சேர்ந்து இதைப் போட்டுக்கொண்டே இருங்கள். முதலில் தவறும். பாட்டு தட்டிலேயே தொடங்கும் என்று நினைப்பீர்கள், சில கிருதிகள் தட்டு விழுந்து கொஞ்சம் தள்ளித் தொடங்கும். அந்தத் தள்ளிப்போடும் இடம்தான் 'எடுப்பு'. அதைக் கை கண்டுபிடித்துவிட்டால் போதும், தனி ஆவர்த்தனத்தில், அதாவது பாட்டு நின்று தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கிற இடத்தில், மிருதங்கக்காரர் எங்கெங்கோ போய்விட்டுத் திரும்பி வந்து சரியாக அந்த இடத்தில் இறங்கும்போது உங்களுக்கே ஒரு சிலிர்ப்பு வரும். யாரும் விளக்க வேண்டியதில்லை.

வானொலிக் கச்சேரிக்கும் மேடைக் கச்சேரிக்கும் உள்ள வித்தியாசத்தையும் தெரிந்துகொண்டால் கேட்பது இன்னும் சுவைக்கும். ஸ்டுடியோவில் முன்னால் கூட்டம் கிடையாது. சுவரெல்லாம் எதிரொலி அடங்கும்படி துளைப்பலகை அடித்திருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் இருப்பார். சிவப்பு விளக்கு எரிந்தால் நாற்காலி நகர்த்தக்கூடாது, இருமக்கூடாது. சுவரில் கடிகாரம். ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் வர்ணம், இரண்டு மூன்று சின்னக் கிருதிகள், பிரதானமாக ஒரு ராகம், அதற்கு நிரவல் (ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடுவது), கற்பனை ஸ்வரம் (ஸ்வரங்களை அப்போதே கோத்துப் பாடுவது), தனி ஆவர்த்தனம், கடைசியில் ஒரு துக்கடா (சின்னப் பாட்டு) என்று எல்லாம் அடங்க வேண்டும். மேடையில் கைதட்டல் வந்தால் இன்னும் இரண்டு சுற்று ஸ்வரம் பாடலாம். இங்கே தட்டுகிறவர் இல்லை, நீட்டினால் அடுத்த நிகழ்ச்சியின் மேல் போய் முட்டும். அதனால் வித்வான்கள் வானொலிக்கென்று ஒரு சிக்கனத்தைப் பழகினார்கள். வேண்டாத அலங்காரம் இருக்காது, ராகத்தின் முகம் முதல் இரண்டு பிடியிலேயே தெரிந்துவிடும். புதியவருக்கு மூன்று மணி நேர சபாக் கச்சேரியைவிட இந்த ஒரு மணி நேரம் நல்ல வாசல் என்பது என் கருத்து.

பாடுகிறவர்கள் அங்கே எப்படி வந்தார்கள் என்று கேட்டால், ஆடிஷன் வழியாக. பாடுவது யார் என்று தெரியாமல், குரலை மட்டும் கேட்டு நடுவர்கள் மதிப்பிடுவது வழக்கம். தேறினால் பி கிரேடு, பிறகு பி ஹை, ஏ, அதற்கும் மேலே டாப். கிரேடுக்குத் தகுந்த நேரம், கிரேடுக்குத் தகுந்த சன்மானம். இவர்களைத் தவிர, நிலையத்திலேயே மாதச் சம்பளத்தில் இருந்து வயலின், மிருதங்கம், வீணை வாசிப்பவர்கள் உண்டு. நிலைய வித்வான்கள் என்பார்கள். ஒரு சின்ன ஊரிலிருந்து முதல்முறை பாட வருகிற பெண்ணுக்குப் பக்கவாத்தியம் கிடைப்பது இவர்களால்தான். பெயர் அறிவிப்பில் கடைசியாக வரும், பலர் கவனிப்பதில்லை. அடுத்த முறை கவனியுங்கள்.

சங்கீதத்தைச் சொல்லிவிட்டு இலக்கிய உரையை விட்டுவிட முடியாது. அதிலும் இந்தச் சீமையில் முடியவே முடியாது. வானொலி நிலையம் வருவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே திருநெல்வேலியில் ஒரு இலக்கிய மாலை நடந்துகொண்டிருந்தது. வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டு முற்றத்தில் கூடிய 'வட்டத்தொட்டி' அது. டி.கே.சி. ஒரு கம்பன் பாட்டை எடுத்தால் அவசரப்படமாட்டார். ஒரு தரம் சொல்வார், நிறுத்துவார், ஒரு சொல்லை மட்டும் எடுத்து மறுபடி சொல்வார், மறுபடி முழுப் பாட்டுக்கு வருவார். உரை எழுதி விளக்குவதைவிட, சரியான இடத்தில் நிறுத்தி வாய்விட்டுச் சொன்னாலே பாட்டுப் புரியும் என்பது அவர் வழி. யோசித்துப் பார்த்தால் இது வானொலிக்கென்றே அமைந்த முறை. கேட்கிறவர் கையில் புத்தகம் இல்லை, பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது, குரல் மட்டும்தான் வழி. நல்ல இலக்கிய உரை ஒன்றைக் கேட்கும்போது, பேசுகிறவர் பாட்டை எத்தனை தரம் சொல்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்று பாருங்கள். ஒரே தரம் கடகடவென்று சொல்லிவிட்டு விளக்கத்துக்குத் தாவுகிறவர் எழுத்துக்காரராக இருக்கலாம், வானொலிக்காரர் இல்லை. திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் பிறந்த எழுத்தாளர் மீ.ப. சோமு வானொலியில் பணியாற்றியவர், 1962-இல் சாகித்ய அகாதமி பரிசும் பெற்றவர். எழுத்தும் குரலும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்த தலைமுறை அது.

நாடகத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள், அது போதும். ஆனால் உரைச்சித்திரம் என்று ஒன்று உண்டு. இன்றைய தலைமுறைக்கு அது அறவே தெரியாமல் போயிற்று, அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வர்ணனை, பேட்டி, பாட்டு, இடத்திலேயே பதிவு செய்த சத்தம் எல்லாவற்றையும் பின்னி ஒரு முழு நிகழ்ச்சி செய்வது. தாமிரபரணியைப் பற்றி ஒன்று செய்வதாக வைத்துக்கொள்வோம். பாபநாசத்தில் தண்ணீர் பாறையில் விழுகிற சத்தத்தில் தொடங்கலாம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிற வீட்டுப் பெண்கள் வேலைக்கு நடுவே பேசிக்கொள்வது. பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிற தறியின் சத்தம். குறுக்குத்துறையில் துணி துவைக்கிற கல். ஸ்ரீவைகுண்டம் அணையில் மதகைத் தூக்கும்போது வருகிற இரைச்சல். கடைசியில் புன்னைக்காயலில் ஆறு கடலோடு சேர்கிற இடத்தில் ஒரு மீனவர் குரல். சுமார் 128 கிலோமீட்டர் ஆறு அரை மணி நேரத்தில் காதுக்குள் ஓடிவிடும். இன்று பாட்காஸ்ட் என்று தேடிக் கேட்கிறவர்கள் விரும்புவதில் பாதி இதுதான். வானொலி அதை அறுபது எழுபது வருடமாகச் செய்துகொண்டிருக்கிறது.

இனி நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டிய ஒரு விஷயம். எது உயர்ந்த கலை, எது கிராமியம் என்ற கோட்டை வானொலி போட்டபோது எங்கள் பக்கத்துக் கலைக்கு நியாயம் கிடைக்கவில்லை. நாதஸ்வரம் தப்பித்தது. சேரன்மகாதேவிப் பக்கத்துக் காருகுறிச்சியில் பிறந்த அருணாசலம், நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். கோயில் வீதிக்கென்று பிறந்த அந்த வாத்தியத்தைப் பாமரரும் பண்டிதரும் ஒன்றாக நின்று கேட்கும்படி வாசித்தவர். திருநெல்வேலி நிலையம் தொடங்கிய சில மாதங்களில், 1964-இல், அவர் காலமாகிவிட்டார். நிலையமும் அவரும் இன்னும் பத்து வருடம் சேர்ந்து இருந்திருந்தால் எத்தனை பதிவுகள் கிடைத்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வில்லுப்பாட்டின் கதை வேறு. பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா என்றால் இரவு முழுவதும் வில்லடிப்பார்கள். ஆளைவிட நீளமான வில், அதில் வரிசையாகக் கட்டிய மணிகள், வில்லோடு சேர்த்துக் கட்டிய குடம். நடுவில் உட்கார்ந்த புலவர் இரண்டு கையிலும் வீசுகோலை வைத்து நாணில் அடிப்பார். குடத்துக்காரர் அதன் வாயில் மட்டையால் அடிக்க, 'தொம்' என்று ஒரு அடித்தொனி எழும். உடுக்கு, தாளம், கட்டை ஒரு பக்கம். புலவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' என்று வாங்குவார். முத்துப்பட்டன் கதையை எடுத்தால் பட்டன் சாகிற இடம் வருவதற்கு நடுச்சாமம் தாண்டும். சாமி ஆடுகிறவர் எழுந்து ஆடி முடிந்த பிறகே கதை நகரும். இதுவும் ராகம் தானம் பல்லவி போல நேரம் கேட்கிற கலைதான். ஆனால் ஆலாபனைக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்த அதே வானொலி, வில்லுப்பாட்டைக் கிராமிய இசை என்ற பெட்டியில் போட்டு அரை மணிக்குள் சுருக்கச் சொன்னது. சுருக்கியதில் கதை மட்டும் மிஞ்சியது, சாமி வந்து இறங்குகிற வரத்து போயிற்று. அந்தச் சின்ன நேரத்துக்குள்ளும் குடும்பக் கட்டுப்பாடு, சிறுசேமிப்பு என்று பிரச்சாரத்தைத் திணித்த நாட்கள் உண்டு. சத்திரப்புதுக்குளம் சுப்பு ஆறுமுகம் போன்ற வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் அந்தச் சுருக்கத்தையும் ஒரு கலையாக மாற்றினார்கள் என்பது அவர்கள் சாமர்த்தியம். சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனாலும் ஒரு முழுக் கொடை இரவை மாலையிலிருந்து விடியும்வரை அப்படியே ஒலிபரப்பினால் அதுவே இந்தச் சீமையின் தேசிய நிகழ்ச்சி என்பேன்.

ஆர்மோனியத்துக்கும் இதே கதி. 1940-இல் ஆல் இந்தியா ரேடியோ அதைத் தடை செய்தது. கட்டையை அமுக்கினால் ஒரு ஸ்வரம் அசையாமல் நிற்கும், ஸ்வரங்களுக்கு நடுவே இழைகிற கமகம் அதில் வராது, ஆகவே நம் சங்கீதத்துக்கு ஒவ்வாது என்பது காரணம். காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நாடகக் கொட்டகையும் பஜனை மடமும் ஆர்மோனியத்தில்தான் ஓடின. முப்பது வருடம்போல நீடித்து, 1970-களின் தொடக்கத்தில்தான் தடை தளர்ந்தது.

பழைய பெட்டியில் கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திருநெல்வேலியின் மத்திய அலை (மீடியம் வேவ்) 1197 கிலோஹெர்ட்ஸ், 250.6 மீட்டர். கொஞ்சம் இடது பக்கம் போனால் 1161-இல் திருவனந்தபுரம், மலையாளம் கேட்கும். பகலில் தூரத்து நிலையங்கள் வராது, இருட்டினால் வரும். வானத்தில் அறுபது எழுபது கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற ஒரு அடுக்கு இருக்கிறது. பகலில் அது மத்திய அலையை விழுங்கிவிடும். பொழுது அடைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிட, அலைகள் இன்னும் மேலே போய், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அடுக்குகளில் பட்டுத் திரும்பும். அதனால்தான் ராத்திரியில் தூரத்து நிலையங்கள் வந்து சேர்கின்றன, சில நேரம் நம் நிலையத்தின் மேலேயே ஏறிக்கொள்கின்றன. ஒலி ஏறி இறங்கி அலைவதற்கும் காரணம் இதுதான், பெட்டியில் கோளாறு இல்லை. இன்னொன்று, மத்திய அலையில் கீச்சுத் தொனிகள் முழுதாக வராது. சுமார் 4,500 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலும் வெட்டுப்பட்டுவிடும். தம்புராவின் மினுமினுப்பும் வில்மணியின் கலகலப்பும் அங்கேதான் இருக்கின்றன. பண்பலையில் 15,000 ஹெர்ட்ஸ் வரை வரும். குரலுக்கு மத்திய அலை போதும், மணிக்குப் போதாது.

பெட்டி இல்லாதவர்களுக்குக் கைப்பேசி இருக்கிறது. ஆகாசவாணியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் நாட்டின் பல நிலையங்கள் கிடைக்கும். சாஸ்திரிய சங்கீதம் மட்டுமே தருகிற 'ராகம்' என்ற அலைவரிசையும் அதில் உண்டு, 2016 ஜனவரியில் தொடங்கியது. ஆனால் தொடக்கத்திலேயே அந்த 'ராகம்' அலைவரிசைக்குப் போய்விடாதீர்கள் என்பது என் யோசனை. அது பி.பி.சி. கட்டிய தனி அறை மாதிரி. முதலில் உள்ளூர் நிலையத்தை ஒரு சாயங்காலம் முழுக்க, செய்தி, விவசாயம், பேச்சு, பாட்டு என்று வந்த வரிசையிலேயே கேளுங்கள். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கலாம், பூத்தொடுத்துக்கொண்டே கேட்கலாம். கச்சேரி தொடங்கியதும் மட்டும் கையில் இருப்பதை வைத்துவிட்டு உட்காருங்கள். தைமாதம் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று அவருடைய பஞ்சரத்ன கிருதிகள் ஐந்தையும் நேரடியாக அஞ்சல் செய்வார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே குரலாகப் பாடுவது அது. ஐந்து கிருதியுமே ஆதி தாளம்தான் என்பதால் தாளம் போட்டுப் பழக அதைவிட நல்ல நாள் இல்லை.

கேட்டது பிடித்திருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள். முன்பெல்லாம் நேயர் கடிதங்களை வாசிக்கவே ஒரு நிகழ்ச்சி உண்டு, அஞ்சலட்டைகள் கட்டுக்கட்டாக வரும். இப்போது வருவது குறைவு, அதனால் வருகிற ஒவ்வொன்றுக்கும் மதிப்பு அதிகம். என்ன நிகழ்ச்சி, எந்தத் தேதி, யார் பாடினார், எது பிடித்தது என்று நாலு வரி போதும். ஐந்தாவது வரியில், ஒரு முழு இரவு வில்லுப்பாட்டு வேண்டும் என்று கேளுங்கள்.